தெளிக்காத வாசல்

மூட்டையின் முதுகில் அச்சடித்திருந்த படங்களை சுகந்தி இன்னொரு தரம் பார்த்துக்கொண்டாள். முதலில் ஒரு மேகம், அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி, மழை வருகிற நாளில் கை வைக்காதே என்று சொல்கிறார்கள். அப்புறம் ஒரு சீமாறு. அப்புறம் சுத்தியல். அப்புறம் கல்லின் மேலிருந்து தூசி பறந்துபோகிற மாதிரி கோடுகள். கடைசியில் பூத்தூறலாகத் தண்ணீர், பக்கத்தில் சூரியன். இங்கிலீஷில் நிறைய எழுதியிருந்தது, எழுத்துக்கூட்டினால் வார்த்தை வாய்க்கு வந்தது, அர்த்தம் கூடவே வரவில்லை. படம் போதும். புத்தகத்தைப் பார்த்துச் சிக்குக் கோலம் போடுகிறவளுக்கு இது என்ன பெரிய வித்தை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருக்கிற இடுக்கு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், மணலைக் கொட்டி அதற்குள் பெருக்கித் தள்ள வேண்டும், தட்டி இறக்க வேண்டும், கல்லின் மேல் பொட்டுத் தூசி இல்லாமல் பண்ண வேண்டும், அதற்கப்புறம்தான் தண்ணீர். பசை கலந்த மணல். ஈரம் பட்டால் இறுகிக்கொள்ளும், எறும்பு தோண்டாது, புல் முளைக்காது. தூசியோடு தண்ணீர் பட்டால் மட்டும் அந்தத் தூசியும் கல்லின் மேலேயே பிடித்து வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்துவிடும், தலைகீழாக நின்று தேய்த்தாலும் போகாது என்று புருசன் பூபதி சொல்லியிருந்தான். அவனுக்குக் கல் பதிக்கிறதுதான் வேலை. ஏதோ பங்களாவில் வேலை முடிந்து மிச்சமானதை அந்த வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போகச் சொல்ல, வண்டியில் போட்டுக் கொண்டுவந்து இறக்கியிருந்தான். அத்தனை பங்களா வாசலையும் அடைக்கிறவன் வீட்டு வாசலில் இடுக்கெல்லாம் பொக்கை. அதற்குக் காரணம் பூபதி இல்லை, அவன் அம்மா. காலையிலும் சாயந்திரமும் குண்டாவில் தண்ணீர் மொண்டு அத்தை அடிக்கிற அடியில் எந்த மணல் நிற்கும். கொஞ்சமாகத் தெளியுங்கள் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. "தெளிக்காத வாசல்ல கால் வெச்சு ஒரு நல்ல காரியத்துக்கு யாராச்சும் போவாங்களா?" என்று அத்தை திருப்பிக் கேட்பாள். அதனால்தான் இந்த மணல். ரெண்டு நாளில் மழை என்கிறார்கள், இன்றைக்கு வெயில் நன்றாக இருக்கிறது, அதனால்தான் இன்றைக்கு. வேறு ஒன்றுமில்லை.

வேறு ஒன்றுமில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கம்பியை இடுக்குக்குள் விட்டு இழுத்தாள். பழைய மணலும் காய்ந்த புல்வேரும் ஒரு செத்த பூரானும் வந்தன. காலையில் பூபதி சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு நின்றான். "கோயமுத்தூர் போகோணும்னுதான நான் இன்னைக்கு லீவு போட்டிருக்கறேன்" என்றான், அம்மாவுக்குக் கேட்காமல் மெதுவாக. அத்தையிடம் தடுப்பூசி என்று சொல்லி வைத்திருந்தார்கள். "அடுத்த வாரம் போலாமுங்க மாமா, இந்த வெய்யலை விட்டா மணலைப் போட முடியாது." "மணலு எங்கயும் ஓடிப்போயிராது சுகந்தி." "ஏனுங்க, புள்ள மட்டும் ஓடிப்போயிருமா?" அவள் சிரித்தாள். எதற்கும் சிரித்துவிடுவது அவள் வழக்கம், பள்ளிக்கூடத்தில் டீச்சர் அடித்தபோதுகூடச் சிரித்து இன்னொரு அடி வாங்கியிருக்கிறாள். பூபதி சிரிக்கவில்லை. மீதிப் பொத்தானையும் போட்டுக்கொண்டு வேலைக்கே கிளம்பிவிட்டான். வண்டியை உதைத்தான், உறுமவிட்டான், வேண்டுமென்றே ஒருமுறைக்கு இன்னொரு முறை உறுமவிட்டான், அப்போது அவன் பார்த்தது வண்டியை அல்ல, வாசல்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த குழந்தையை. அதை சுகந்தி பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி மூட்டையைப் பிரித்தாள். மூட்டையைப் பிரிக்கும்போது நூலைச் சரியான முனையில் பிடித்து இழுத்தால் சரசரவென்று மொத்தமும் கழன்றுகொண்டு வரும், தப்பான முனையென்றால் முடிச்சு விழும். சரியான முனை. அதில் ஒரு சின்னச் சந்தோசம். சின்னச் சந்தோசங்களுக்கு அவளிடம் என்றைக்கும் பஞ்சமில்லை.

தர்ணிகா இப்போதும் அந்தப் படியில்தான் உட்கார்ந்திருக்கிறாள், பிஞ்சு முதுகும் வேர்த்த பிடரியும் தெரிகிறது. முன்னால் ஒரு டம்ளர், ஒரு கரண்டி, ஒரு வாழைப்பழத் தோல். டம்ளரைக் கரண்டியால் அடிக்கிறாள். அடிக்கிறாள் அல்லவா, டங் டங்கென்று, சத்தம் பிடிக்காமலா அடிப்பாள். சத்தம் பிடித்துத்தான் அடிக்கிறாளா, கை அதிர்வது பிடித்து அடிக்கிறாளா. இதைக் கேட்க ஆரம்பித்தால் அவ்வளவுதான், ஒன்றுக்குள் ஒன்று ஓடும். மணலைக் கொட்டு. கொட்டினாள். நல்ல சாம்பல் நிறம், கையில் எடுத்தால் சர்க்கரை மாதிரி ஓடுகிறது, இதில் எங்கே பசை இருக்கிறது என்று தெரியவே இல்லை. தென்னஞ்சீமாற்றால் குறுக்குவாட்டில் தள்ளினாள். இடுக்கு குடிக்கிற மாதிரி மணலைக் குடித்தது. பிறந்தபோது எப்படிப் பால் குடித்தாள் இவள். எவ்வளவு சமத்து. ஊரே சொன்னது. மாரியம்மன் கோயில் நோம்பிக்கு ஒலிபெருக்கி வைத்தது இவர்கள் வீட்டு விட்டத்துக்கு நேரே, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை விடிய விடிய வீறிட்டது, தர்ணி தொட்டிலில் கையை விரித்துப்போட்டுத் தூங்கினாள். "தங்கமாட்டம் புள்ள, பெத்தவளுக்குத் துளி தொந்தரவு இல்ல பாரு" என்றார்கள். அவளும் பெருமைப்பட்டாள், வீட்டுக்கு வந்த ஒறம்பரைச் சொந்தங்களிடம் எல்லாம் சொன்னாள், என்ற புள்ளைக்குப் பக்கத்துல வெடி வெடிச்சாலும் முழிக்க மாட்டாளுங்க என்று. அதையே சிரித்துச் சிரித்துச் சொன்னாள். பிறகு ஒருநாள் பரண் மேலிருந்து பித்தளை அண்டா நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது, பல் கூசியது, தெருநாய் குரைத்தது, அத்தை "ஐயோ சாமீ" என்று கொல்லையிலிருந்து ஓடிவந்தாள். பாயில் உட்கார்ந்திருந்த தர்ணி அண்டாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொரியை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல். ஒவ்வொன்றாக. அந்தப் பொரி எடுக்கிற விரல்களை சுகந்தி இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

ரப்பர் சுத்தியலை எடுத்துக் கல்லின் மேல் பலகைத் துண்டை வைத்துத் தட்டினாள். தட்டத் தட்ட மணல் கீழே இறங்கியது, நிரம்பியிருந்தது என்று நினைத்த இடுக்கு மறுபடியும் வாயைத் திறந்தது. மேலே மட்டும் அடைத்துவிட்டு விட்டால் கொஞ்ச நாளில் உள்ளே உட்கார்ந்துவிடும், முதலிலேயே தட்டிவிடு என்பதும் பூபதி சொன்னதுதான். எல்லாவற்றையும் அவன் அப்படித்தான் பார்ப்பான், முதலிலேயே தட்டிப் பார்த்துவிடவேண்டும் அவனுக்கு. அவள் தட்டிப் பார்க்காமலா இருந்தாள். அண்டா விழுந்த அன்றிலிருந்து தினமும்தான். பின்னால் போய் நின்று கை தட்டினாள், திரும்பினாள் தர்ணி, நெஞ்சு குளிர்ந்துபோய்ப் பார்த்தால் இவளுடைய நிழல் குழந்தையின் மடியில் விழுந்திருந்தது. நிழல் விழாத மூலையில் உட்காரவைத்துச் சொம்பைத் தட்டினாள், திரும்பவில்லை. கிலுகிலுப்பையை ஆட்டினாள், திரும்பினாள், ஆட்டின கையின் காற்று காதோர மயிரில் பட்டிருக்கிறது. தலையில் மல்லிகை வைத்திருந்தால் வாசத்துக்குத் திரும்புகிறாள். தரையில் நடந்து வந்தால் தரை சொல்லிக்கொடுத்துவிடுகிறது. கண்டுபிடிக்க முடியாத கள்ளி. எதற்குத் திரும்பினாள் என்று தெரியாமல் திரும்பினாள் திரும்பினாள் என்று கணக்கு வைத்து என்ன செய்ய. ஒரு கட்டத்தில் அவள் தட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியது நல்லதாக இருந்தது. பல்லில் சொத்தை இருக்கிற பக்கம் மெல்லாமல் மறுபக்கம் மெல்லுகிற மாதிரி, அந்தப் பெயரைக் கூப்பிடாமலே வேலையைப் பார்க்கப் பழகிக்கொண்டாள். கூப்பிட்டால்தானே திரும்பவில்லை என்பது. நேரே போய்த் தூக்கிக்கொண்டால் ஒன்றுமே இல்லை.

"ஏனம்மிணி, உன்ற ஊட்டுக்காரன் ஊரெல்லாம் கல்லுப் போடறான், ஊட்டுல உன்னையப் போட வெச்சுட்டானா?" என்று வேலிப்பக்கம் குரல் கேட்டது. கோடி வீட்டு அம்சவேணி அக்கா, இடுப்பில் மோர்க்குடம். "ஆமாங்கக்கா, அவருக்குக் கூலி குடுத்து முடியுமா நம்மால?" என்றாள் சுகந்தி. அம்சவேணி அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "அது செரி, தையில காதுகுத்துங்கறாங்க, கெடா ஒண்ணா ரெண்டா?" "எங்க தம்பி மடியில உக்கார வெச்சுக் குத்தறது, அவனைக் கேளுங்க. தோடே அவன் வாங்கோணும்னு அழுதுட்டிருக்கறான்." "அழுவட்டும் அழுவட்டும், தாய்மாமன்னா அழுகத்தான் வேணும். எங்க அந்தக் காதுக்காரி? தர்ணீ! ஏய் தர்ணிக்கண்ணு! இங்க பாரு சாமி!" சுகந்தி சுத்தியலை ஓங்கிக் கல்லின் மேல் தட்டினாள், உடனே இன்னொரு கல், இன்னொரு கல், யார் எந்தச் சத்தத்துக்குத் திரும்பவில்லை என்று யாருக்கும் பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு. படியில் கரண்டி டம்ளரை அடித்துக்கொண்டிருந்தது. "அடேங்கப்பா கிராக்கி! கலெக்டராட்ட உக்காந்துருக்கறா, திரும்பறாளா பாரு. அப்பன் மாதிரியே அழுத்தம்." "ஆமாங்கக்கா, அப்படியே அவரேதான்." மோர்க்குடம் நகர்ந்துபோயிற்று. ஏற்கனவே தட்டிய கல்லையே மறுபடியும் தட்டினாள். தையில் காது குத்துவார்கள். தம்பி மடியில் உட்காருவாள், ஆசாரி முதல் காதைக் குத்தும்போது வீறிடுவாள், எல்லோரும் சிரித்துக்கொண்டே கண் கலங்குவார்கள், வாயில் சர்க்கரை போடுவார்கள். குத்துகிற வலி தெரியும். வலி காதின் வெளியில்தானே இருக்கிறது. தோடு மினுங்கும். அழகாகத்தான் இருக்கும். இதில் என்ன இருக்கிறது, நிறையப் பேர் காதில் எத்தனையோ போட்டுக்கொள்கிறார்கள், கேட்கிற மெசின்கூட. அவள் இந்த யோசனையை ஏதோ வேறு வீட்டுச் சங்கதி போலத் தூரத்தில் வைத்துப் பார்த்தாள், தூரத்தில் வைத்தால் பார்க்க முடிந்தது.

வெயில் இறங்கி வேப்பமர நிழல் வாசலைப் பாதி மூடியபோது இடுக்கெல்லாம் நிறைந்துவிட்டது. விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கவேண்டும், முட்ட நிரப்பினால் கால் பட்டே பெயரும். விரலால் கோடு கோடாக இழுத்துச் சரிபார்த்தாள். எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது, அவனே வந்து போட்டிருந்தாலும் இப்படித்தான் போட்டிருப்பான். இனி இடுக்கிலிருந்து தர்ணி மணலை அள்ளி வாயில் போட முடியாது, கட்டெறும்பு வந்து அன்றைக்குக் கடித்த மாதிரி கடிக்காது. கடித்தபோது எப்படி அழுதாள். தொண்டை நல்ல தொண்டைதான். மெத்தென்ற துணிச் சீமாற்றால் கல்லின் மேல் ஒத்தி ஒத்திப் பெருக்கிவிட்டு, உள்ளே போய் மேசை விசிறியை எடுத்து வந்து ஒயரை இழுத்துச் சன்னல் வழியாகச் சொருகினாள். பங்களாக்களில் இதற்கென்று ஊதுகிற மெசின் வைத்திருப்பார்களாம். விசிறிக்கு என்ன குறைச்சல். ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்துக் கல் கல்லாகக் காட்டிக்கொண்டே வந்தாள், ஒட்டியிருந்த மாவுத்தூசி புகையாகக் கிளம்பித் தெருவுக்குப் போயிற்று. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலும் மெசின்தான். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுத் தலையில் ஒயர் ஒட்டுவார்களாம், காதுக்குள் சத்தத்தை விடுவார்களாம், மூளைக்குள் போய்ச் சேர்ந்ததா என்று கோடு போட்டுக் காட்டிவிடுமாம். நிழலும் காற்றும் மல்லிகையும் அதை ஏமாற்ற முடியாது. ஏமாறாத மெசின் முன்னால் எதற்குப் போகவேண்டும். ஆறாவது படிக்கும்போது அவளோடு கன்னியம்மாள் என்று ஒருத்தி படித்தாள். முன்பெஞ்சில் உட்கார்ந்து டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள், அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் பெஞ்சை ஒரு உதை உதைக்கவேண்டும், பெஞ்சு அவளிடம் சொல்லிவிடும். நன்றாகப் படிப்பாள். சண்டையும் போடுவாள். யாராவது வேடிக்கையாக ஏதாவது சொல்லி வகுப்பே சிரிக்கும், கன்னியம்மாள் சுற்றிலும் எல்லா முகத்தையும் பார்த்துவிட்டு, எல்லோரும் முடித்த பிறகு, தனியாகச் சிரிப்பாள். இப்போது துணிக்கடையில் பில் போடுகிறாளாம், ரெண்டு குழந்தையாம், ஒரு குறையும் இல்லையாம். ஒரு குறையும் இல்லைதான். ஆனால் சுகந்தி சிரிப்பைத் தவிர வேறொன்றும் பெரிதாகக் கொண்டுவந்தவள் இல்லை, நகைகூடக் குறைவுதான், தன் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு அவளிடம் இருப்பதும் அதுதான், அதை எல்லோருக்கும் அப்புறமாகவா அவள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தபோதுதான் விசிறி படிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது தெரிந்தது. தர்ணியின் உச்சிமயிர் பறந்தது. காற்றுக்குத் திரும்பினாள், அம்மாவைப் பார்த்தாள், கையிலிருந்த வாழைத்தோலை நீட்டினாள். "எனக்காடி? வேண்டாஞ் சாமி, நீயே வெச்சுக்க" என்றாள் சுகந்தி. சொன்ன வாயையே குழந்தை பார்த்தது. பிறகு முதுகைக் காட்டி டம்ளருக்குத் திரும்பிவிட்டது.

பாதி வாசல் சுத்தமாகிவிட்டது, தெருவை ஒட்டின பாதி இருந்தது. ஒயர் அதற்குமேல் எட்டவில்லை. வேறு ஒயர் பூபதியின் சாமான் பையில் இருக்கும். மருந்தடிக்கிற கைப்பம்பையும் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் ஒரே மூச்சில் முடிந்துவிடும் என்று உள்ளே போனாள். ஒயரைத் தேடினாள். பம்பில் தண்ணீர் நிறைத்து முகர்ந்து பார்த்தாள், மருந்து வாடை போகவில்லை, கொட்டிவிட்டு மறுபடியும் கழுவினாள். வெளியே தெருக்கதவு கிறீச்சென்றது, கோயிலுக்குப் போயிருந்த அத்தை வந்துவிட்டாள் என்று காது ஒரு பக்கம் சொல்லிக்கொண்டது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது என்று இன்னொரு பக்கம் சொல்லிக்கொண்டது. தொட்டியில் குண்டா மொள்ளுகிற சத்தம் கேட்டபோது இந்த ரெண்டையும் அவள் இன்னும் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்த்தபோது ஓடிக்கொண்டிருந்தாள். நடைக்கு வருவதற்குள் அத்தை புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, இத்தனை வருசமாக அந்தக் கை எப்படி வீசுமோ அப்படியே, யோசனையில்லாமல், வளைத்து, தெருவோரப் பாதியில் முதல் கையை வீசிவிட்டிருந்தாள். குண்டாவுக்குள் மறுபடியும் போன கை படியோரமாக ரெண்டாவது வீச்சுக்கு வந்தது. "அத்தே!" சுகந்தி கத்தினாள். அவள் வாழ்க்கையில் அத்தையைப் பார்த்து அப்படிக் கத்தியதில்லை, யாரைப் பார்த்தும் கத்தியதில்லை, வேப்பமரத்திலிருந்து காக்காய்கள் கிளம்பின. தண்ணீர் விழுந்தது. தர்ணி வெடுக்கென்று திரும்பினாள்.

அத்தையின் கையிலிருந்து குண்டா நழுவி உருண்டு ஓரமாகப் போய் நின்றது. திட்டப்போகிறாள் என்று சுகந்தி நினைத்தாள். அத்தை அவளைப் பார்க்கவேயில்லை, குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திரும்பிட்டா" என்றாள். குரல் அத்தையுடையது மாதிரியே இல்லை. "சுகந்தி, திரும்பிட்டா பாத்தியா? நீ கத்துனதுக்குத் திரும்பிட்டா. கேக்குது. எம் பேத்திக்குக் கேக்குது. நானும் எத்தனை நாளா பூசை மணியை எடுத்துட்டு வந்து அவ பின்னாடி நின்னு ஆட்டி ஆட்டிப் பாக்கறேன், ஊசி போடப் போறோம்னு நீங்க ரெண்டு பேரும் எங்கிட்டயே நாடகம் ஆடறீங்க, எனக்கென்ன தெரியாதா, நான் மூணு பெத்தவ." பேசிக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அப்படியானால் காலையில் பூசை முடிந்த பிறகும் கேட்கிற அந்த மணி. அதை சாமிக்கு என்றே நினைத்திருந்தாள். ஒரே வீட்டில் மூன்று பேர் மூன்று மூலையில் நின்று ஒளித்து ஒளித்துத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சுகந்தி படிக்குப் போய் உட்கார்ந்தாள். தர்ணி அவளைப் பார்க்கவில்லை. உருண்டுபோன குண்டாவைப் பார்த்தாள், ஈரமான கல்லைப் பார்த்தாள், ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியைத் தடவினாள். அங்கே தண்ணீர். பெரிய துளி ஒன்று, முதுகெலும்பு வழியாகச் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சுகந்தி விரலை வைத்து அதைத் தொட்டாள், சில்லென்றிருந்தது. கத்தல் முதலில் போயிற்றா தண்ணீர் முதலில் பட்டதா. ரெண்டும் ஒன்றாகத்தான். ரெண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்திருந்தாலும் அதை அடைத்துவிடலாம், அடைத்துவிட்டு எழுந்து போய் விளக்கு வைக்கலாம், பூபதி வந்ததும் திரும்பினாள் மாமா, கத்தினேன் திரும்பினாள் என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம், அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம், தை வரைக்கும் தாங்கும். மேலே மட்டும் அடைத்தால் எத்தனை நாள் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அத்தையின் முகம் கோயில் விபூதியோடு விளக்கு மாதிரி இருந்தது. அதைப் பார்த்துச் சொல்வதற்குத்தான் கஷ்டமாக இருந்தது.

"தண்ணி பட்டுதுங்க அத்தை" என்றாள் சுகந்தி. "கழுத்துல. அதுக்குத்தான் திரும்புனா."

அத்தை வந்து குழந்தையின் பிடரியைத் தானும் ஒருதரம் தொட்டுப் பார்த்தாள். தொட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு தர்ணியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், தர்ணி உடனே அவள் மூக்குத்தியைப் பிடிக்கப் போனாள்.

ஈரம் பட்ட இடத்தில் மணல் பிடிக்க ஆரம்பித்துவிட்டது, இனி நிறுத்த முடியாது. மிச்சத் தூசியைச் சுகந்தி முந்தானையாலேயே விசிறி விரட்டினாள். பம்பை எடுத்து மெல்லிய தூறலாக, இடுக்கு நனையவும் மணல் கரைந்து ஓடாமலும், ஒரு மூலையிலிருந்து அடித்துக்கொண்டே வந்தாள். அத்தை வீசிய இடத்தில் கல்லின் மேல் சோறு வடித்த கஞ்சி மாதிரி வெள்ளையாக ஒரு வளைவு விழுந்திருந்தது. ஒரு கைவீச்சு எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம். பூபதி பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வான். இருக்கட்டும். அவனுக்குச் சொல்லவேண்டியது இது ஒன்றுதானா. பம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்து, "கோயமுத்தூர்ல கேட்டுப் பாருங்க மாமா, நாளைக்கே கூப்புட்டாலும் வர்றனுங்க" என்றாள். அந்தப் பக்கம் பூபதி "செரி" என்றான்.

"இது எப்பக் காயும்?" என்றாள் அத்தை திண்டில் சாய்ந்தபடி. "நாளைக்குப் பொழுது போகோணுமுங்க. அது வரைக்கும் சொட்டுத் தண்ணி ஆகாது." "அப்பக் காலைல தெளிக்கக் கூடாதா?" "கூடாதுங்க." அத்தை அந்த வெள்ளை வளைவைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், மூக்குத்தியிலிருந்து தர்ணியின் விரலை மெதுவாகப் பிரித்துவிட்டாள்.

"செரி, தெளிக்காமயே போலாம்" என்றாள். "ஓரமாக் கால வெச்சுத் தாண்டி வாங்க ரெண்டு பேரும். புள்ளைய நான் தூக்கிக்கறேன்."